டெலிபோனில் வரும் ஈட்டிக்காரன்

'ஈட்டிக்காரன்' என்ற பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் குடும்பஸ்தர்களுக்குக் குலை நடுங்கிற்று. வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்து கடன் கொடுத்தவருக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. கையில் நீண்ட தடியுடன் வந்து வாசலில் நின்றுகொள்வார். பணம் கைக்கு வந்தாலொழிய நகரமாட்டார். வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக நழுவினால், சம்பள தினத்தன்று ஆலை வாசலில் வந்து பிடித்துக்கொள்வார். இந்தத் தொல்லை எவ்வளவு தூரம் முற்றியதென்றால், இந்தியத் தொழிலாளரின் நிலைமையை விசாரித்த விட்லி கமிஷன், கடன் வசூலுக்காகத் தொழிற்சாலை வாசலை வளைத்து நிற்பதைக் குற்றமாக்க வேண்டுமென்று 1931-ல் சிபார்சு செய்தது. 1934-ல் வங்காளத்தில் அதற்கென்றே ஒரு சட்டமும் பிறந்தது.

ஈட்டிக்காரர் எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய தொழில் மட்டும் போகவில்லை. இப்போது அது செல்போன் வழியாக நடக்கிறது. பழைய ஈட்டிக்காரருக்கு ஓர் அசௌகரியம் இருந்தது. ஒரு சமயத்தில் ஒரு வாசலில்தான் அவரால் நிற்க முடியும். புதிய ஈட்டிக்காரருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கடன் வாங்கியவர் வீட்டிலும், அவருடைய சம்பந்தி வீட்டிலும், அவர் வேலை பார்க்கும் இடத்திலும் ஒரே மணி நேரத்தில் அவரால் நிற்க முடிகிறது. பழையவருக்கு முகம் என்று ஒன்று இருந்தது. புதியவருக்குப் பெயர் கூடக் கிடையாது.

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். ஒன்று நூலுக்குப் பெயர் போனது, 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து ஊரின் வாழ்வு பஞ்சோடும் கதிரோடும் பின்னிக் கிடக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் ஆஸ்பத்திரிகளுக்கான கட்டுத் துணியை நெய்து தள்ளுகின்றன. மற்றதோ ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர் பெற்ற ஊர். இரண்டிலும் கூலியையும் மாதச் சம்பளத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கல்யாணம், ஓர் ஆபரேஷன், பையனுக்குக் காலேஜ் பீஸ் என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் கடன் வாங்காமல் எப்படி முடியும்? மகளிர் குழுவில் ஒன்று, நகைக் கடையில் ஒன்று, செல்போனைத் தட்டினால் ஐந்து நிமிஷத்தில் கிடைப்பது ஒன்று என்று சேர்ந்துவிடுகிறது. இரண்டு தவணை தவறியதும் குரல் வருகிறது.

அந்தக் குரல் என்ன சொல்கிறது? "இன்று சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் போலீஸ் வரும்." "வீட்டை ஜப்தி செய்வோம்." "உன்னை ஜெயிலுக்கு அனுப்புவோம்." "உன் புருஷனுடைய ஆபீஸுக்குப் போன் பண்ணி மானத்தை வாங்குவோம்." இந்த நாலு வாக்கியங்களுக்குள் அவருடைய வித்தை முழுவதும் அடக்கம். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், நாலில் எதையும் செய்ய அந்தக் குரலுக்கு அதிகாரம் இல்லை என்பது விளங்கும்.

இங்கே ஒரு வார்த்தை. வாங்கிய கடனைத் திருப்ப வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்ல வரவில்லை. கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான். தவணை தவறினால் அது சிபில் கணக்கில் ஏறி, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது எதிரே வந்து நிற்கும். ஆனால் கடன்பட்டிருப்பது ஒரு விஷயம். மிரட்டப்படுவது வேறொரு விஷயம். முன்னது சிவில் வழக்கு, பின்னது கிரிமினல் குற்றம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விடுவதில்தான் வசூல்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

முதலில் ஜெயில். கடன் பாக்கிக்காகப் போலீஸார் ஒருவரைக் கைது செய்யும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. கடன் கொடுத்தவர் கோர்ட்டில் பிராது கொடுக்க வேண்டும். சம்மன் வரவேண்டும். விசாரணை நடந்து டிக்ரி ஆக வேண்டும். டிக்ரியை நிறைவேற்றத் தனியாக மனுப் போட வேண்டும். அதன் பிறகும் சிவில் ஜெயில் என்பது எளிதில் வருவதன்று. 1980-ல் கொச்சி பாங்க் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பை ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். பணம் கொடுக்க வகையில்லாத ஏழையை, கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். வசதியிருந்தும் கெட்ட எண்ணத்துடன் ஏமாற்றுகிறவனுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

பெண்களுக்கோ அந்தக் கதவே கிடையாது. 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு, பணத்துக்கான டிக்ரியை நிறைவேற்றுவதற்காக ஒரு ஸ்திரீயைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கோர்ட்டே உத்தரவிடக் கூடாது என்று கூறுகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இது. இன்றும் அமலில் இருக்கிறது. மகளிர் குழுக்களில் கடன் வாங்குகிறவர்கள் அனைவரும் பெண்கள். அவர்களிடம் 'ஜெயில், ஜெயில்' என்று ஓயாமல் கூவுகிறவர்கள் இந்தப் பிரிவைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை!

அடுத்தது ஜப்தி. அமீனா வந்தால் எதையெல்லாம் எடுத்துப் போகக் கூடாது என்று அதே சட்டத்தின் 60-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவி, உழவனின் ஏர் ஆகிய இவற்றைத் தொடக் கூடாது. மத ஆசாரப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடக் கூடாது. அதாவது, தாலிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்திருக்கும் அமீனா கூடச் சூரியன் அஸ்தமித்த பிறகு, மறுபடி உதயமாகும் வரையில், ஜப்திக்காக ஒரு குடித்தன வீட்டுக்குள் நுழையக் கூடாது. கோர்ட்டு சேவகருக்கே இல்லாத உரிமை, இரவு 10 மணிக்குப் போன் செய்து "வாசலில்தான் நிற்கிறோம், கதவைத் திற" என்று அதட்டுகிறவருக்கு எங்கிருந்து வந்தது?

வீட்டையோ நிலத்தையோ நகையையோ ஈடு வைத்து வாங்கிய கடன் வேறு கதை. அதற்குத் தனிச் சட்டம், நோட்டீஸ், ஏலம் எல்லாம் உண்டு. ஆனால் அவையும் எழுத்து மூலமாகத்தான் நடக்கும். செக் கொடுத்துவிட்டு அது பணமில்லாமல் திரும்பி வந்தால் கிரிமினல் வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாங்குக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தேதியில் கணக்கில் பணம் இல்லாமற் போனாலும் அதே கதிதான். அப்பொழுதும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வரவேண்டும். பணம் கட்ட 15 நாள் அவகாசம் தரவேண்டும். இப்படிப்பட்ட நோட்டீஸ் தபாலில் வந்தால் அலட்சியம் செய்யாமல் உடனே வக்கீலிடம் ஓடவேண்டும். ஆகையால்தான், தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை என்கிறோம்.

இந்த நாளில் வாட்ஸப்பில் சிங்க முத்திரையுடன் 'கோர்ட்டு உத்தரவு' என்று ஒரு படம் வந்து விழுகிறது. பார்த்தவுடன் வீட்டில் பெரியவர்களுக்குத் தலை சுற்றுகிறது. நிஜமான வழக்கு என்றால் அதற்கு ஒரு நம்பர் இருக்கும். நம்பர் இருந்தால் கோர்ட்டில் போய் விசாரிக்கலாம். கோர்ட்டுகளின் இணையதளத்திலும் பார்க்கலாம். விருதுநகர் ஜில்லாவுக்குத் தலைநகரம் விருதுநகர்; ஆனால் ஜில்லா கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆகவே ராஜபாளையத்துக்காரருக்கு உண்மையை அறிய வேண்டிய தூரம் அரை மணி நேரப் பஸ் பிரயாணந்தான். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட்டுச் சம்மன் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது ஒரு கடிதம். பதில் எழுதலாம், நடுங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மானம். இதுதான் குரலின் பிரதான ஆயுதம். இதைப் பறிப்பதற்காக ரிசர்வ் வங்கி சில விதிகளைச் செய்திருக்கிறது. 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அது விடுத்த சுற்றறிக்கையின்படி, பாங்குகளும் ரிசர்வ் வங்கியில் பதிவான கடன் கம்பெனிகளும், அவர்களுடைய ஏஜெண்டுகளும், தவணை தவறிய கடனை வசூலிக்கக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. வசை கூடாது. கை ஓங்கக் கூடாது. நாலு பேர் எதிரில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தாரையும் சிநேகிதர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. பெயர் சொல்லாமல் போன் செய்வதும், மிரட்டிப் போன் செய்வதும், பொய் சொல்லிப் பயமுறுத்துவதும் கூடாது.

வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஈடின்றிக் கொடுக்கும் சிறு கடன்களுக்கு விதி இன்னும் கடுமை. அங்கே நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். வசூல் செய்யும் இடத்தை இரு தரப்பாரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு தடவையாவது வராமற் போனால்தான், வசூல் ஊழியர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். உறவினரையும் கூட வேலை செய்பவர்களையும் நச்சரிப்பதும், பாக்கிதாரரின் பெயரை ஊரறியப் போடுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன.

குழுக் கடன்களில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. வசூல்காரர் தாமே மிரட்டுவதில்லை. "இவள் கட்டாவிட்டால் உங்களில் ஒருவருக்கும் அடுத்த கடன் கிடையாது" என்று குழுவின் மற்றப் பெண்களிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து விடுகிறார். அப்புறம் அடுத்த வீட்டு அக்காவும் எதிர் வீட்டு மதினியுமே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நேற்று வரையில் கஞ்சிக்குத் துவையல் கடன் கொடுத்து வாங்கியவர்கள்! அவர்களை நோவதில் பயனில்லை; அவர்களுக்கும் அதே பயந்தான். குழுவில் ஒருவருக்கொருவர் பொறுப்பென்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு பணத்துக்கு மட்டுமே. இரவு வரையில் ஒருத்தி வீட்டை முற்றுகையிடும் உரிமையை அந்தக் காகிதம் யாருக்கும் கொடுக்கவில்லை. குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் எழுந்து சொன்னால் போதும், பாதித் தொல்லை குறைந்துவிடும் என்பது நம் அபிப்பிராயம்.

செல்போன் கடன்களின் கதை வேறு. அந்தச் செயலிகள் போனிலுள்ள விலாசப் பட்டியலையும் புகைப்படங்களையும் அள்ளிக்கொண்டு, பிறகு சித்தப்பாவுக்கும் வாத்தியாருக்கும் போன் செய்து வந்தன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் கொடுக்கும் செயலி போனிலுள்ள பெயர்ப் பட்டியலையோ படங்களையோ அழைப்பு விவரங்களையோ தொடவே கூடாது. வசூலுக்கு ஒரு ஏஜெண்டை நியமித்தால், அவர் போன் செய்வதற்கு முன்பே அவர் யார் என்பதைக் கடன் வாங்கியவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டுகிறவர்கள் வசூல்காரர்களே அல்ல, வெறும் திருடர்கள். அவர்களுக்கு ஒரு காசு கொடுத்தாலும் மறுநாள் இரண்டு காசு கேட்பார்கள். 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து உடனே புகார் கொடுப்பதுதான் வழி.

சட்டம் கடன்காரருக்கும் கடன்பட்டவருக்கும் நடுவில் புகுவது புதுமை என்று யாரேனும் நினைத்தால் அவர்கள் 1938-ம் வருஷத்தை நினைத்துப் பார்க்கட்டும். ராஜாஜி மந்திரி சபை அந்த வருஷம் விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் முதல் தேதியன்று நின்ற வட்டிப் பாக்கி முழுவதையும் அது தள்ளிவிட்டது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. லேவாதேவிக்காரர்கள் வானம் இடிந்ததென்று கூக்குரலிட்டார்கள். வானம் இடியவில்லை.

ரிசர்வ் வங்கியின் பதிவே இல்லாத வட்டிக்காரர்களைப் பற்றி என்ன? கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கொடுமை நிற்கவில்லை. 2017 அக்டோபர் 23-ந் தேதி, திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியும், அவர் மனைவியும், இரண்டு பச்சிளங் குழந்தைகளும் தீக்கிரையானார்கள். கந்து வட்டிக் கொடுமையைப் பற்றி அதே ஆபீஸில் அவர் பல முறை மனுக் கொடுத்திருந்தார். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் அன்றிரவு சோறு உண்ண முடியவில்லை. சட்டப் புத்தகத்தில் பிரிவு இருந்தால் மட்டும் போதுமா? மனுவை வாங்கிக்கொள்கிற உத்தியோகஸ்தர் அதைப் படித்துப் பார்க்க வேண்டாமா?

2025-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை மற்றொரு சட்டம் செய்தது. கடன் வசூலுக்காகப் பலாத்காரம் செய்வோருக்கும், மிரட்டிப் பின்தொடர்வோருக்கும் மூன்று வருஷம் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் கண்டிருக்கிறது. வசூல் கொடுமை தாங்காமல் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், கொடுமை செய்தவர் தற்கொலைக்குத் தூண்டியவராகவே கருதப்படுவார். இதன் பலனை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

சரி, போன் மணி அடிக்கிறது, என்ன செய்வது?

எடுத்தவுடன் கெஞ்சவும் வேண்டாம், வையவும் வேண்டாம். "உங்கள் பெயர் என்ன? எந்தக் கம்பெனி? உங்களை நியமித்த கடிதத்தை அனுப்புங்கள்" என்று மூன்று கேள்விகள் போதும். முக்கால்வாசிக் குரல்கள் முதல் கேள்வியிலேயே சுருதி இறங்கிவிடும். பேச்சைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, மணி, நம்பர், சொன்ன வார்த்தை என்று நாலு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ரசீதில்லாமல் யாரிடமும் ரொக்கம் கொடுக்காதீர்கள். முடியாத தேதியை வாக்குக் கொடுக்காதீர்கள்.

பிறகு ஒரு கடிதம். இலக்கண சுத்தமாக எழுத வேண்டும் என்பதில்லை. "இன்ன நம்பர்க் கடனில் இத்தனை தவணை பாக்கி இருப்பது உண்மை. இன்ன காரணத்தால் தவறியது. மாதம் இவ்வளவு கட்ட இயலும். இன்ன தேதிகளில் இன்ன நம்பரிலிருந்து இரவு வேளையில் மிரட்டல் வந்தது. அதை நிறுத்தி எழுத்தில் பதில் தரவும்." இதைக் கடன் கொடுத்த பாங்கின் அல்லது கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்ட் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற நம்பரில் விவரம் கேட்கலாம். ஏஜெண்டு செய்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கம்பெனி கைகழுவ முடியாது. 2022 செப்டம்பரில் ஹஸாரிபாக்கில் டிராக்டர் பறிமுதலின்போது ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தாள். அதன்மேல் ரிசர்வ் வங்கி, மஹிந்திரா பைனான்ஸ் கம்பெனி வெளி ஏஜெண்டுகளைக் கொண்டு வசூலிப்பதையே சில மாத காலம் நிறுத்தி வைத்தது.

உயிருக்கோ உடம்புக்கோ மானத்துக்கோ தீங்கு செய்வதாக மிரட்டினால் ஆம்பட்ஸ்மனுக்காகக் காத்திருக்க வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். பாரதிய நியாய சம்ஹிதையின் 351-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. பேரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் தண்டனை அதிகம். "இது சிவில் விவகாரம் அம்மா, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அங்கே சொல்லக் கூடும். "கடன் சிவில் விவகாரந்தான் ஐயா; மிரட்டல் அல்லவே" என்று பதில் சொல்லுங்கள். அப்படியும் எழுதிக்கொள்ளாவிட்டால், புகாரை எழுத்தில் போலீஸ் சூப்பரின்டெண்டெண்டுக்குத் தபாலில் அனுப்பச் சட்டம் வழி செய்திருக்கிறது.

இவ்வளவையும் தனியாகச் செய்வது மலைப்பாகத் தோன்றினால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், ஹரிஜனங்களுக்கும் மலைவாசிகளுக்கும், அங்கஹீனர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேளாமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற நம்பரிலும் கேட்கலாம். லோக் அதாலத்தில் கடன் கொடுத்தவரையும் வரவழைத்து, தவணையைக் குறைத்துப் பேசி முடிக்கவும் முடியும். அங்கே ஆன சமரசத்துக்கு மேல் அப்பீல் கிடையாது, கோர்ட்டுக் கட்டணமும் கிடையாது. போகும்போது கடன் அட்டை, பாங்கு பாஸ் புத்தகம், கட்டிய ரசீதுகள், நாலு கட்டம் போட்ட அந்தக் கணக்கு நோட்டு, செல்போன் ஆகியவற்றை மறவாமல் எடுத்துப் போகவேண்டும். ஆணைக்குழு அமர்த்திக் கொடுத்த வக்கீலுக்கென்று யாராவது பீஸ் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.